பிஜி: வரலாறும் வழக்கங்களும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஜி எங்கே இருக்கிறது? எத்தனை தீவுகள்?

தெற்குப் பசிபிக்கில், நியூசிலாந்துக்கு வடக்கே ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 330-க்கும் மேற்பட்ட தீவுகளில் மூன்றில் ஒரு பங்கில்தான் மக்கள் குடியிருக்கிறார்கள். விட்டி லெவு, வனுவா லெவு என்ற இரண்டும் பெரியவை. தலைநகர் சுவாவும் விமான நிலையம் உள்ள நாண்டியும் விட்டி லெவுவில் இருக்கின்றன. மொத்த மக்கள்தொகை சுமார் 9 லட்சம், அதாவது மதுரை நகரத்தைவிடக் குறைவு.

ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் பேச்சில் வேறு மாதிரியும் இருக்கின்றனவே, ஏன்?

1835-ல் கார்கில், கிராஸ் என்ற இரண்டு மெதடிஸ்ட் மிஷனரிகள் லாவ் தீவுக்கூட்டத்தில் வந்து இறங்கினார்கள். பிஜி மொழிக்கு எழுத்து முறை அப்போதுதான் உருவானது. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்துதான் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மொழியில் 'ப'வுக்கு முன்னால் மூக்கொலி சேர்ந்தே வரும் என்பதால், ஆங்கில 'பி' எழுத்தையே 'ம்ப' ஒலிக்கு வைத்தார்கள். அதேபோல் 'டி' எழுத்து 'ண்ட' ஆயிற்று, 'கியூ' எழுத்து 'ங்க' ஆயிற்று. 'ஜி' எழுத்துக்கு 'அங்ஙனம்' என்ற சொல்லில் வரும் 'ங' ஒலி. 'சி' எழுத்துக்கு 'அது' என்பதில் வரும் மெல்லிய 'த' ஒலி.

ஆங்கிலம் படித்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ம்ப, ண்ட, ங்க எல்லாம் நம் வாயில் தினமும் புரள்பவைதானே. 'நாடி' என்று எழுதியிருப்பதை நாண்டி என்றும், 'பெகா'வைப் பெங்கா என்றும், 'காகோபாவ்' என்ற மன்னர் பெயரைத் தாக்கொம்பாவ் என்றும் படியுங்கள். இந்தப் பக்கத்தில் பெயர்களைக் கூடுமானவரை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன்.

முதலில் குடியேறியவர்கள் யார்?

சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் மேற்கிலிருந்து படகில் வந்தவர்கள். லாப்பிட்டா மக்கள் என்று தொல்லியல் சொல்கிறது. புள்ளிப் புள்ளியாகக் குத்தி அழகு செய்த இவர்களுடைய மண்பாண்டத் துண்டுகள் பசிபிக்கில் தீவு தீவாகக் கிடைத்திருக்கின்றன. விட்டி லெவுவின் தென்கரையில் சிங்கத்தோக்கா மணல்மேட்டில் காற்று மணலை நகர்த்தும்போது இன்றும் பழைய ஓடுகள் வெளியே தெரியும். அந்த ஆற்றுப் பக்கக் கிராமங்களில் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே பானை வனையும் வழக்கம் இன்றும் உண்டு.

பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். லுத்துனசோம்பசோம்பா என்ற தலைவர் கவுனிதோனி என்ற பெரும் படகில் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவிலிருந்து வந்து வூண்டா கரையில் இறங்கினார் என்பது அந்தக் கதை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷன் பள்ளிப் பாடமும் உள்ளூர் மொழிப் பத்திரிகையும் சேர்ந்து இதற்கு இப்போதைய உருவத்தைக் கொடுத்தன என்பது ஆய்வாளர்கள் முடிவு. ஆனாலும் அந்தக் கதை வேர்விட்டுவிட்டது. தங்கள் குலம் கவுனிதோனியில் வந்தது என்று சொல்பவரிடம் போய்ப் பானை ஓட்டைக் காட்டி வாதம் செய்யாதீர்கள்.

கிறிஸ்தவம் வருவதற்கு முன் என்ன தெய்வங்கள் இருந்தன?

தலைமையானவர் தெங்ஙேய். பாம்பு உருவம். விட்டி லெவுவின் வடக்கே நகாவுவந்திரா மலைக்குகையில் சுருண்டு கிடக்கிறார், அவர் புரண்டு படுத்தால் பூமி அதிரும் என்பார்கள். அவரைத் தினமும் காலையில் கூவி எழுப்ப துருகாவா என்றொரு பறவை இருந்தது. அவருடைய பேரன்மார் இரட்டையர் இருவர் விளையாட்டாக அதை அம்பெய்து கொன்றுவிட்டார்கள். தெங்ஙேய்க்கு வந்த கோபத்தில் போர் மூண்டது, பிறகு பெருவெள்ளம் வந்தது, மலையில் இருந்த படகு கட்டும் தச்சர் குலம் நாலா திசையும் சிதறியது. பிஜியில் ஏன் இந்தக் குலத்தார் மட்டும் படகு கட்டுகிறார்கள் என்பதற்கு இந்தக் கதையே பதில்.

அடுத்து தாக்குவங்கா, சுறா தெய்வம். கண்ட தீவையெல்லாம் அடக்கிக்கொண்டு வந்தவர் கந்தாவு தீவுக்கு வந்தபோது ஒரு ஆக்டோபஸ் தன் கைகளால் பிடித்து நெரித்துவிட்டது. 'விட்டுவிடு, இனி கந்தாவு மக்களை எந்தச் சுறாவும் தொடாது' என்று வாக்குக் கொடுத்துத் தப்பினார். கந்தாவு மீனவர்கள் அந்த வாக்கை நம்பித்தான் கடலில் இறங்குகிறார்கள்.

அதே தீவில் நமுவானா என்ற ஊர்ப் பெண்கள் பாறைமேல் நின்று பாடினால் கடல் ஆமைகள் மேலே வரும். பக்கத்து நம்புக்கெலெவு ஊர்க்காரர்கள் முன்னொரு காலத்தில் ஒரு தாயையும் மகளையும் கவர்ந்து போனார்களாம். படகிலேயே அவர்கள் ஆமைகளாக மாறிக் கடலில் விழுந்தார்கள். அதனால் நம்புக்கெலெவு ஆள் ஒருவர் கூட்டத்தில் நின்றால்கூட ஆமை வராது என்பது நம்பிக்கை. இத்தனை கால மெதடிஸ்ட் பிரசங்கத்துக்குப் பிறகும் இந்தக் கதைகள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாளில் சுறா என்று இரண்டும் சண்டையில்லாமல் இருக்கின்றன.

'வனுவா' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதே, அதற்கு என்ன பொருள்?

பிஜியைப் பற்றி ஒரே ஒரு சொல் தெரிந்துகொள்வதானால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வனுவா என்றால் நிலம். அந்த நிலத்தில் வாழும் மக்களும் வனுவாதான். அவர்களுடைய வழக்கம், புதைக்கப்பட்ட முன்னோர், முன்கடலில் உள்ள பவளத்திட்டு எல்லாம் சேர்ந்ததும் வனுவாதான். சங்கப் பாடல் படித்தவர்களுக்குத் திணை நினைவுக்கு வரலாம். ஆனால் திணை இலக்கியத்தில் இருக்கிறது. வனுவா பட்டாவிலும் நீதிமன்றத்திலும் இருக்கிறது.

நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, 'மத்தங்காலி' என்ற குலப்பிரிவுக்குச் சொந்தம். ஒரு மத்தங்காலிக்கு ஒரு வேலையும் உண்டு: தலைவர் குலம், அவர் சார்பில் பேசும் தூதர் குலம், பூசாரி குலம், போர்வீரர் குலம், மீனவர் குலம், தச்சர் குலம். கேட்டதும் சாதி என்று தோன்றும். ஒருவகையில் பிறப்பால் வருவது என்பது சரி. ஆனால் தீட்டு கிடையாது, கொள்வினை கொடுப்பினைக்குத் தடை கிடையாது. இன்றும் நாட்டு நிலத்தில் 85 சதவீதத்துக்கு மேல் இந்தக் குலங்களின் பெயரில் இருக்கிறது. அதை விற்க முடியாது, குத்தகைக்கு மட்டுமே விடலாம். பின்னால் வரும் அரசியல் சண்டைகளுக்கெல்லாம் விதை இங்கேதான் கிடக்கிறது.

பிஜி உறவுமுறை நம்முடையதைப் போல இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எனக்கு இந்தப் பக்கத்திலேயே மிகப் பிடித்த கேள்வி இது. மானிடவியலில் 'திராவிட வகை' என்று ஓர் உறவுமுறைப் பெயரமைப்பு உண்டு. பிஜி அமைப்பை அதே வகையில்தான் சேர்க்கிறார்கள். இரண்டு இனங்களுக்கும் ரத்தத் தொடர்பு இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. தனித்தனியாக ஒரே கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்கு இதுதான். அப்பாவின் சகோதரனும் அப்பாதான், அம்மாவின் சகோதரியும் அம்மாதான். அவர்கள் பிள்ளைகள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அம்மாவின் சகோதரன் வேறு ஆள், அவருக்குப் பெயர் 'மோமோ'. நம் மாமாவோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். மோமோவின் மகன் 'தவாலே', அதாவது மச்சான். மாமன் மகள், அத்தை மகள் முறைப்பெண். அண்ணன் தங்கை முறையில் உள்ளவர்கள் முகம் கொடுத்துப் பேசக்கூடக் கூச்சப்படுவார்கள். முறைப்பெண், முறைப்பையன் என்றால் கேலிக்கு எல்லையே இல்லை. பழைய காலத்தில் அந்த முறையில்தான் பெண் எடுத்தார்கள். இப்போது சொந்த மாமன் மகளையே கட்டுவது பல பகுதிகளில் குறைந்துவிட்டது.

வேறுபடும் இடம் ஒன்று உண்டு. தங்கை மகனுக்கு அங்கே 'வாசு' என்று பெயர். தாய்மாமன் ஊரில் வாசுவுக்கு இருக்கும் உரிமை அலாதியானது. பிடித்த பன்றியை, பாயை, படகைக்கூட எடுத்துக்கொண்டு போகலாம், மாமன் 'ஏன்' என்று கேட்கக்கூடாது. பெரிய தலைவரின் மகன் இன்னொரு நாட்டுக்கே வாசுவாக இருந்தால் அவன் வரும் நாளில் ஊரே நடுங்கும். 19-ஆம் நூற்றாண்டுப் போர்களில் பாதி இந்த வாசு உறவைக் கணக்குப் போட்டு நடந்தவை. நம் ஊரில் தாய்மாமன் சீர் கொண்டு வருவார். அங்கே மருமகன் வந்து சீரை அள்ளிக்கொண்டு போவான்.

அதற்கு ஈடாக ஒரு சடங்கும் உண்டு. குழந்தை பிறந்த பிறகு அதை முதன்முதலாகத் தாயின் ஊருக்குக் கொண்டுபோகும்போது, தந்தை வீட்டார் பாய்களும் திமிங்கலப் பல்லும் எடுத்துக்கொண்டு முறையாகப் போய் 'முகம் காட்ட' வேண்டும். அதைச் செய்யாமல் பிள்ளை வளர்ந்துவிட்டால், 30 வயதானாலும் அம்மா ஊருக்குள் நுழையத் தயங்குவான். தாமதமாகவாவது செய்து முடிப்பார்கள்.

திமிங்கலப் பல்லா? அது எதற்கு?

'தம்புவா' என்று பெயர். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் பல்லை எண்ணெய் போட்டு மெருகேற்றி, தென்னை நாரில் முறுக்கிய கயிறு கட்டி வைத்திருப்பார்கள். அது பணமில்லை. அதைக் கொடுத்துக் கடையில் எதுவும் வாங்க முடியாது. பெண் கேட்க, இழவுக்குப் போக, மன்னிப்புக் கேட்க, முன்பு ஓர் ஆளைக் கொல்லச் சொல்லவும் இதுதான் கைமாறியது. வாங்கிக்கொண்டால் கேட்டதைச் செய்தாக வேண்டும். எத்தனை கை மாறியது, எந்தச் சாவுக்குப் போய் வந்தது என்பதுதான் அதன் மதிப்பு. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

நரமாமிசம் தின்றார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். சொந்த அருங்காட்சியகத்திலேயே அதற்கான மர முள்கரண்டிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், பிஜிக்காரர்கள் மறைப்பதில்லை. பசிக்காக அல்ல, பெரும்பாலும் போரில் தோற்ற எதிரியை இதைவிட அவமானப்படுத்த வழியில்லை என்பதற்காக. ராக்கிராக்கி பக்கத்து உந்தரே உந்தரே என்ற தலைவர் தின்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு கல் வைத்ததாகவும், ஒரு மிஷனரி 872 கற்களை எண்ணியதாகவும் பதிவு உண்டு. அந்த எண்ணிக்கை பெருமைக்குச் சொன்னதா உண்மையா என்பது வேறு விஷயம். 'மனிதனைத் தின்னும் தீவு' என்ற பட்டம் ஐரோப்பியப் பயணிகளுக்கு நல்ல வியாபாரம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாவ் தீவின் தலைவர் தாக்கொம்பாவ் 1854-ல் கிறிஸ்தவரான பிறகு இது வேகமாக மறைந்தது. பலியானவர்களின் தலையை மோதி உடைத்த கல், பாவ் தேவாலயத்தில் ஞானஸ்நானத் தொட்டியாக மாறி இன்றும் இருக்கிறது.

கடைசியாகப் பேசப்பட்ட நிகழ்ச்சி 1867-ல், தாமஸ் பேக்கர் என்ற மிஷனரி மலைநாட்டின் நம்புத்தாவ்தாவ் கிராமத்தில் கொல்லப்பட்டது. தலைவரின் தலையிலிருந்து சீப்பை எடுத்தார், அதனால் கொன்றார்கள் என்பது ஊர்க்கதை. அங்கே தலையைத் தொடுவது பெரிய குற்றம். அவரை முடித்துவிடச் சொல்லி எதிர்த்தரப்பிலிருந்து ஒரு தம்புவா மலைக்குப் போயிருந்தது என்பது அரசியல் தெரிந்தவர்கள் சொல்வது. பேக்கருடைய காலணியின் அடிப்பகுதி சுவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கிராமம் தங்கள் மேல் சாபம் இருப்பதாக நம்பியது. 2003-ல் பேக்கரின் வழித்தோன்றல்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து மன்னிப்புக் கேட்டார்கள். கொல்லச் சொன்னது தம்புவா என்றால், மன்னிப்புக் கேட்டதும் தம்புவாவால்தான்.

நாடு எப்படி பிரிட்டன் கைக்குப் போனது?

ஒரு கடனில். முதலில் 1643-ல் டச்சுக்காரர் டாஸ்மன், 1774-ல் ஆங்கிலேயர் குக், 1789-ல் கப்பலை இழந்து சிறு படகில் தப்பிய ஆங்கிலக் கப்பல் தலைவர் பிளை எல்லாரும் ஓரமாகப் போனார்கள். 1804 வாக்கில் சந்தன வியாபாரிகள் வந்து பத்தே ஆண்டில் மரத்தைத் தீர்த்தார்கள். அப்புறம் கடல் அட்டை. கூடவே துப்பாக்கி வந்தது. துப்பாக்கி முதலில் கிடைத்த பாவ் தீவு மற்றவர்களை மிஞ்சியது.

1849 ஜூலை 4-ஆம் தேதி நுக்குலாவ் தீவில் அமெரிக்க வணிகப் பிரதிநிதி வில்லியம்ஸ் தன் நாட்டுச் சுதந்திர நாளைக் கொண்டாடினார். வேட்டுப் போட்டதில் வீடு தீப்பிடித்தது, அக்கம்பக்கத்தார் பொருளை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் நஷ்டஈடு கேட்டார். கணக்கு வளர்ந்துகொண்டே போய் மற்ற அமெரிக்கர்கள் கேட்டதும் சேர்ந்து சுமார் 45,000 டாலர் ஆனது. பொறுப்பு தாக்கொம்பாவ் தலையில் விழுந்தது, காரணம் ஆங்கிலேயர்கள் அவரைத்தான் 'பிஜி மன்னர்' என்று அழைத்தார்கள். பட்டத்தை ஏற்றுக்கொண்டதற்குக் கட்டிய விலை. போர்க்கப்பல் வந்து மிரட்டியது. ஒரு ஆஸ்திரேலியக் கம்பெனி 2 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு ஈடாக அந்தக் கடனை அடைத்தது. அந்த நிலத்தில்தான் இன்றைய சுவா நகரம் இருக்கிறது.

1871-ல் ஓர் அரசாங்கம் அமைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1874 அக்டோபர் 10-ஆம் தேதி, அப்போதைய தலைநகர் லெவுக்காவில் தலைவர்கள் கையெழுத்துப் போட்டு நாட்டை விக்டோரியா ராணிக்கு ஒப்படைத்தார்கள். தாக்கொம்பாவ் தன் போர்த்தடியையும் ராணிக்கு அனுப்பினார். அது பின்னாளில் திரும்பி வந்து நாடாளுமன்றச் செங்கோல் ஆயிற்று. விடுதலை கிடைத்ததும் அதே அக்டோபர் 10-ல்தான், 1970-ல்.

பிறகு இந்தியர்கள் ஏன் கொண்டுவரப்பட்டார்கள்?

ஒப்படைத்த மறுவருடமே பேரழிவு. தாக்கொம்பாவும் மகன்களும் சிட்னி போய்விட்டு 1875 ஜனவரியில் பிரிட்டிஷ் கப்பலில் திரும்பினார்கள். கூடவே தட்டம்மை வந்தது. கப்பலைத் தனிமைப்படுத்தவில்லை. வரவேற்கக் கூடிய தலைவர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சுமார் 40,000 பேர் இறந்தார்கள், அதாவது நாலில் ஒருவருக்கு மேல்.

அந்த நிலையில் வந்த ஆளுநர் ஆர்தர் கார்டன் இரண்டு முடிவு எடுத்தார். ஒன்று, பிஜி மக்களின் நிலத்தை விற்கக்கூடாது, அவர்களைத் தோட்டத்துக்குக் கூலியாக இழுக்கவும் கூடாது. இரண்டு, தோட்டத்துக்கு ஆள் இந்தியாவிலிருந்து வரட்டும். மொரீஷியஸிலும் டிரினிடாடிலும் ஆளுநராக இருந்தவர், ஒப்பந்தக் கூலி முறை அவருக்குப் பழக்கம். ஒரு மக்களைக் காப்பாற்றிய கை இன்னொரு மக்களை விலைக்கு வாங்கியது. கார்டனைப் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் ஆளுக்குப் பாதிதான் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

லியோனிடாஸ் என்ற முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து 1879 மே 14-ல் லெவுக்கா வந்தது. 1916 வரை 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். 'அக்ரிமென்ட்' என்ற சொல் வாயில் தேய்ந்து 'கிர்மித்' ஆனது. ஒப்பந்தப்படி ஒரு நாள் வேலையை முடித்த ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ். குறித்த அளவு முடியாவிட்டால் அதுவும் குறையும். 1884-ல் சிரியா என்ற கப்பல் நசிலாய் பவளத்திட்டில் மோதி 59 பேர் மாண்டார்கள். மிஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் 1920 ஜனவரி 1-ல் ரத்தாயின.

தமிழர்கள் எப்போது போனார்கள்? இன்னும் தமிழ் பேசுகிறார்களா?

சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903-ல் தொடங்கி. மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு பேர் இப்படிப் போன தென்னிந்தியர்கள்: தமிழர், தெலுங்கர், மலையாளிகள். கால் நூற்றாண்டு தாமதமாகப் போனதால் தோட்டத்தில் அதற்குள் ஒரு கலப்பு இந்தி பொதுமொழியாகிவிட்டிருந்தது. பிழைக்க அதைக் கற்றார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதுவே தாய்மொழியானது. பாரதி அந்தக் கரும்புத் தோட்டப் பெண்களை நினைத்துப் பாடியது நமக்குத் தெரியும். அவர்களுடைய கொள்ளுப்பேத்திகளிடம் அந்தப் பாட்டை இந்தியில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

மொழி போனாலும் சங்கம் நின்றது. 1926-ல் சாது குப்புசாமி முயற்சியில் நாண்டியில் உருவான 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. பிஜியில் 'சங்கம்' என்றால் எல்லா இனத்தாருக்கும் அது ஒன்றுதான். நாண்டி நகரின் நுழைவில் நிற்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் கோபுரத்தைத் தெற்குப் பசிபிக்கின் பெரிய இந்துக் கோவில் என்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பார்கள்.

பிஜியில் இரண்டு விதத் தீமிதி உண்டாமே?

உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றவை அல்ல.

முதலாவது பெங்கா தீவின் சவாவு குலத்தாருடையது. அவர்கள் மிதிப்பது தணல் அல்ல, கல். 'வீலவீலாய்ரேவோ' என்றால் அடுப்புக்குள் குதித்தல். குழி தோண்டி, விறகடுக்கி, மேலே ஆற்றுக் கற்களைக் குவித்து ஆறேழு மணி நேரம் எரிப்பார்கள். எரிந்த கட்டைகளைக் கொடி கட்டி இழுத்து எடுத்துவிட்டு, கல்லைச் சமமாகப் பரப்பி, அதன்மேல் வரிசையாக நடப்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே பெண்ணும் தேங்காயும் ஆகாது.

இதற்குக் கதை உண்டு. ஓர் இரவு கதைசொல்லி ஒருவர் கதை சொன்னார். கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு பரிசு தருவதாகச் சொல்வது வழக்கம். துய் இங்காலித்தா என்ற வீரன், நாளை பிடிக்கும் முதல் விலாங்கு மீன் உனக்கு என்றான். மறுநாள் சேற்றில் கைவிட்டுப் பிடித்தது விலாங்கு அல்ல, ஒரு குட்டித் தேவதை. 'என்னை விடு, போரில் வெற்றி தருகிறேன்' என்றது. 'அது என்னிடம் இருக்கிறது.' 'செல்வம்?' 'வேண்டாம்.' 'பெண்கள்?' 'ஒருத்தி போதும்.' கடைசியில் 'நெருப்பு உன்னைச் சுடாது' என்றது. நம்பாமல் அடுப்பில் இறங்கிப் பார்த்தான், கல் குளிர்ந்திருந்தது. அன்று முதல் அவன் வழிவந்தவர்களுக்கு மட்டும் அந்த வரம். எத்தனை வரம் வேண்டாம் என்று சொன்ன பிறகு கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது நம்முடையது. சுவாவின் ஹோவெல் சாலை மாரியம்மன் கோவிலில் ஜூலை, ஆகஸ்ட் பக்கம் ஆண்டுதோறும் நடக்கும். பத்து நாள் விரதம், மஞ்சள் துணி, அலகு, மேளம், தணல். இதில் குலம் கிடையாது. வேண்டுதல் உள்ள யாரும் இறங்கலாம்.

பெங்காக்காரர்கள் இப்போது பெரிய ஓட்டல்களிலும் நடந்து காட்டுகிறார்கள், டிக்கெட் உண்டு. மாரியம்மனுக்கு டிக்கெட் இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் 'கலாசார நிகழ்ச்சி' என்று போடும் சுற்றுலாக் கையேடுகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

யங்கோனா என்றால் என்ன? போதையா?

பசிபிக்கின் பிற பகுதிகளில் காவா என்பார்கள். மிளகு, வெற்றிலைக் குடும்பத்துச் செடியின் வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டுவது. சேற்றுத் தண்ணீர் நிறம். நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும், சாராயம் மாதிரி ஆட்டம் போட வைக்காது. கிராமத்துக்குப் போகிறவர் ஒரு கட்டு வேரைக் கொண்டுபோய்த் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்பது 'செவுசெவு'. 'தானோவா' என்ற மரக்கிண்ணத்தைச் சுற்றி உட்காருவார்கள். சிரட்டை உங்களிடம் வரும்போது உள்ளங்கையைக் குழித்து ஒருமுறை தட்டி, 'புலா' சொல்லி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று தட்டு. அப்போது சுற்றியிருப்பவர்கள் 'மாதா' என்பார்கள். வேளாங்கண்ணியைக் கூப்பிடவில்லை, 'காலி' என்று பொருள்.

இந்திய வம்சாவளியினரும் இதை 'கிராக்' என்று சொல்லிச் சடங்கு எதுவும் இல்லாமல் மாலை முழுக்கக் குடிக்கிறார்கள். இரண்டு இனமும் ஒரே கிண்ணத்தைச் சுற்றி உட்காருகிற இடம் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

வேறு என்ன வழக்கங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன?

ஒரு வகை முசுக்கட்டை மரப்பட்டையைத் தட்டித் தட்டித் துணியாக்கி, கறுப்பும் செம்மண்ணும் தீட்டுவது 'மாசி'. வத்துலேலே தீவுப் பெண்கள் இதில் பேர் போனவர்கள். ஆட்டமும் பாட்டும் சேர்ந்தது 'மெக்கே'. சூட்டுக் கல்லில் இலை மூடி வேக வைப்பது 'லோவோ'. சேப்பங்கிழங்கு, மரவள்ளி, பன்றி, மீன் எல்லாம் அதில் போகும்.

பெரிய தலைவர் இறந்தால் 100 இரவு துக்கம். அவர் ஊருக்கு முன்னுள்ள பவளத்திட்டில் அதுவரை யாரும் மீன் பிடிக்கக்கூடாது. நூறாம் இரவு முடிந்து வலை போட்டால் மீன் கொட்டும், விருந்துக்கு அது. கடல் வளப் பாதுகாப்பு என்று இன்று அதிகாரிகள் பேசுவதற்கு ஊர்க்காரர்களிடம் ஏற்கனவே சொல் இருந்தது: 'தம்பு', தடை. அக்டோபர், நவம்பரில் ஓரிரு இரவு மட்டும் கடலடியிலிருந்து பலோலோ என்ற புழு கூட்டம் கூட்டமாக மேலே வரும். வலையும் வாளியுமாய் ஊரே கடலில் நிற்கும். பழைய நாட்காட்டியில் அந்த இரு மாதங்களின் பெயரே சின்ன பலோலோ, பெரிய பலோலோ.

ஆட்சிக் கவிழ்ப்புகள் ஏன் நடந்தன?

1987-ல் இரண்டு, 2000-ல் ஒன்று, 2006-ல் ஒன்று. முதலாவதை ராணுவ அதிகாரி ரம்புகா நடத்திய தேதி மே 14. லியோனிடாஸ் வந்த அதே நாள். இந்தியர் ஆதரவுள்ள அரசு வந்தால் வனுவா போய்விடும் என்ற பயத்தைக் கிளப்பித்தான் 1987-ம் 2000-மும் நடந்தன. பயம் இருபக்கமும் உண்டு. கரும்பு விவசாயி தலைமுறையாக உழுத நிலம் குலத்தாருடையது. முன்பு போட்ட 30 வருடக் குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கியபோது பலரும் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா போனார்கள். 2006-ல் ராணுவத் தளபதி பைனிமராமா நடத்தியது வேறு கணக்கு, ராணுவத்துக்கும் அரசுக்கும் இடையிலான சண்டை. 2013 அரசியல் சட்டப்படி குடிமக்கள் எல்லாரும் 'பிஜியர்'. பூர்வகுடிகளைக் குறிக்க 'இதவ்கெய்' என்ற சொல் வந்தது.

அதே ரம்புகா 2022 இறுதியில் தேர்தல் வழியாகப் பிரதமரானார். 2023 மே மாதம் முதன்முதலாக கிர்மித் நாளுக்கு அரசு விடுமுறை விட்டார்கள். 1987-ல் செய்ததற்கு அவர் அப்போது மன்னிப்புக் கேட்டார்.

கிராமத்துக்குப் போனால் எதைச் செய்யக்கூடாது?

தொப்பி, கறுப்புக் கண்ணாடி கழற்றிவிடுங்கள். குழந்தையின் தலையைத் தடவாதீர்கள், பேக்கர் கதைதான் படித்தீர்களே. பெண்கள் முழங்கால் மூடிய உடை போடட்டும். அப்புறம், வீட்டில் உள்ள பொருளை ரொம்பப் புகழாதீர்கள். 'கெரெகெரே' என்று ஒரு வழக்கம் உண்டு: உறவுக்காரர் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. விருந்தாளி பாயைப் பார்த்து மூன்று தடவை 'அழகு' என்றால், அது கேட்டதற்குச் சமம். புறப்படும்போது பாயைச் சுருட்டி உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள்.